ஆபரேஷன் ஆன ஆம்பளை

என் தம்பி ஒரு சாயங்காலம் கால்களை அகட்டி வைத்து வீட்டுக்குள் நடந்து வந்தான். சண்டையில் குண்டடி பட்டுத் திரும்பியவன் மாதிரி ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தான். இன்னொரு கை நெற்றியில் இருந்தது. ஆபரேஷன் நடந்த இடம் நெற்றி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"முடிஞ்சுது" என்றான். "இனிமே யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது."

அம்மா ஓடிப்போய்க் கட்டிலில் விரிப்பை உதறிப் போட்டாள். அவன் பெண்டாட்டி தலையணை கொண்டுவந்தாள். மாடியில் தனியாக இருக்கும் அக்கா நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கீழே இறங்கி வந்து பால் காய்ச்சினேன். அன்றிலிருந்து அவனுக்கு ராஜ உபசாரம். காலையில் முட்டை, மத்தியானம் சூப், ராத்திரி பால். ரிமோட் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால்கூட "அம்மா" என்று ஒரு முனகல். குழந்தைகள் இரண்டும் அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தன. வெளியே அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவன் உத்தரவு. ஆண்கள் செய்துகொள்ளும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று தெரிந்தால் அவன் வேலை பார்க்கும் மெத்தைக் கடையில் சிரிப்பார்களாம்.

மெத்தைக் கடையில் அவனுக்குப் பெயர் கேரண்டி. எந்த மெத்தையைக் காட்டினாலும் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "பத்து வருஷம் கேரண்டி, கண்ணை மூடிட்டுத் தூங்குங்க" என்பான். வாய் கிழியப் பேசுவான். வீட்டிலும் அப்படித்தான். ஆபரேஷன் ஆன அன்று ராத்திரியே, "டாக்டர் சொல்லிட்டாங்க, இனிமே ஒரு பயமும் இல்ல, கேரண்டி" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் வேலை. இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், வெள்ளைச் சகதி விரல் இடுக்கெல்லாம் ஒட்டும். ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்தாலும் லென்ஸ் குப்பைக்குப் போய்விடும். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. இரண்டு தடவை கருவைக் கலைத்துவிட்டு மறுநாளே போய் அந்த இயந்திரத்தின் முன் நின்றவள் அவள். அவளுக்கு யாரும் சூப் வைத்துக் கொடுக்கவில்லை. லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள், காரணம் சொன்னால் பின்னறை முழுக்கச் சிரிக்கும். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நின்றாள்.

ஏன் இரண்டு தடவை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவே கேட்டார். "படிச்ச பொண்ணுதானே, ஜாக்கிரதையா இருக்கத் தெரியாதா?" என்று ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் திட்டினார். அவள் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தவள். சாப்பிட்டால் ஒற்றைத் தலைவலி வந்து கண்ணெதிரே மின்னல் வெட்டும். லென்ஸ் தேய்ப்பவளுக்குக் கண்ணில் மின்னல் வெட்டினால் விரல் போய்விடும். அந்த டாக்டரம்மாவே நிறுத்தச் சொன்னார். காப்பர் டி வைத்தார்கள். மாதம் பாதி நாள் ரத்தம் போய் உடம்பு வெளுத்தது, எடுத்துவிட்டார்கள். அவளுக்கே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றால் "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு, இப்ப முடியாது, ஏத்திட்டு வா" என்றார்கள். மிச்சம் இருந்தது என் தம்பி ஒருவன்தான்.

நான் மருந்துக்கடையில் கவுண்ட்டரில் நிற்பவள். ஆணுறை வாங்க வரும் ஆம்பளைகளைத் தினமும் பார்க்கிறேன். முதலில் இருமல் மாத்திரை கேட்பார்கள், பிறகு பஞ்சு கேட்பார்கள், பக்கத்தில் நிற்கிற பெண்மணி போகும்வரை சீப்பு விலை விசாரிப்பார்கள். திருட வந்தவனைப் போல முழித்தாலும் வாங்கிக்கொண்டு போகிறார்களே, அதுவரைக்கும் அவர்களுக்கு ஒரு கும்பிடு. என் தம்பிக்கு அந்தச் சிரமமும் வேண்டாம் என்று நானே பெட்டியாக வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அக்கா தம்பிக்கு வாங்கித் தரும் பொருளா அது? இல்லைதான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். "அக்கா வாங்கிக் குடுத்ததை எப்படிப் போடுறது, அவ மூஞ்சிதான் ஞாபகம் வருது" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். சரி, நீயே வாங்கிக்கொள் என்றால், "கடையில யாராவது பாத்துட்டா?" என்றான். அக்கா மூஞ்சியும் ஊரார் மூஞ்சியும் அவனுக்கு ஞாபகம் வரும். வெளுத்துப்போய்ப் பக்கத்தில் படுத்திருப்பவளின் மூஞ்சி மட்டும் ஞாபகம் வராது.

இரண்டாவது தடவை கலைத்தபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி ரத்தம் போனா உயிருக்கு ஆபத்து. ஒண்ணு இவளுக்கு ரத்தம் ஏறணும், இல்ல அவர் ஆபரேஷன் பண்ணிக்கணும்." அன்றைக்கு நானும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து பிடித்த பிடியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டான். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "பொம்பளைங்க வரக்கூடாத இடம்" என்று தனியாகப் போனான். திரும்பி வந்ததைத்தான் முதலில் சொன்னேனே, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் பார்த்ததில்லை. ராத்திரி அவன் பக்கம் திரும்பினால் வருகிற பயம் போய்விட்டது என்று மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னாள். "அண்ணி, நான் தூங்கறேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நான் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு உதட்டில் கொஞ்சம் நிறமும் வந்தது.

இரண்டு மாதத்தில் நாள் தள்ளிப் போனது.

மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள். லென்ஸ் இயந்திரத்தின் வாடை பட்டு வாந்தி வந்ததாம். என் கடையிலிருந்து எடுத்துவந்த சோதனை அட்டையில் இரண்டு கோடு. "ஆபரேஷன் சில பேருக்குச் சரியா ஆகாதாமே அண்ணி, அவர்கிட்ட சொல்லி இன்னொரு தடவை காட்டச் சொல்லலாமா?" என்று கேட்டாள். அப்போதும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆபரேஷன் மீதுதான் சந்தேகப்பட்டாள், அவன் மீது இல்லை.

அவள் போய்ச் சொன்னபோது நான் கீழே வாசலில் நின்றேன். என் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன், கூடப்பிறந்தவன்தானே. அவன் எழுந்து நின்றான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், குரலை உயர்த்தினான்.

"எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே. அப்புறம் இது எப்படி வந்துச்சு?"

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஐயோ, என் புள்ள வாழ்க்கை" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "ஆபரேஷன் தப்பிப் போறதும் உண்டு, வாயை அளந்து பேசு" என்று நான் கத்தினேன். "எனக்குப் பண்ணவர் பெரிய டாக்டர், தப்பாது" என்றான். மெத்தை விற்கிற அதே தொனி.

மறுநாள் நானும் அவளும் டாக்டரம்மாவிடம் போனோம். நல்ல செய்தி ஒன்று இருந்தது: ரத்தம் ஏறியிருந்தது. "கலைக்கறதையும் உனக்கு ஆபரேஷனையும் சேர்த்தே பண்ணிடலாம். இதோட உன் தொல்லை தீரும். ஆனா தள்ளிப்போடாத, நாளாக ஆக ஆபத்து" என்றார் டாக்டரம்மா. வெளியே மேஜையில் இருந்த பெண், "வீட்டுக்காரர் வரணும், அவர் இல்லாம ஆபரேஷன் கிடையாது" என்றாள். சட்டம் அப்படியா என்று கேட்டேன். "எங்க வழக்கம் அப்படி" என்றாள். ஒரு பெண்ணின் வயிற்றில் கை வைக்க, அந்த வயிற்றை இந்தக் கதிக்கு ஆளாக்கியவன் வந்து தலையாட்ட வேண்டும். என்ன வழக்கமோ, எவன் வைத்த வழக்கமோ.

தம்பி வர முடியாது என்றான். "எவனோட பாவத்துக்கோ நான் எதுக்கு வந்து நிக்கணும்?" அவன் வராததன் காரணம் எனக்கு அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும். டாக்டரம்மா அவனிடம் ஏதாவது கேட்டுவிட்டால்? வராமல் இருந்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து வைத்தான். பெண்டாட்டியின் அண்ணனைக் கூப்பிட்டு, அவனிடம் தங்கையை ஒப்படைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து நிற்கப் போகிறானாம். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் இரண்டு வேளை இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் விடவில்லை.

தம்பியின் மச்சான் வந்தார். குளிர்பதனப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி மாடி வீடுகளுக்கு ஏற்றிக்கொடுக்கும் வேலை அவருக்கு. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், பேச்சு மட்டும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. என் தம்பி அவரைப் பார்த்து எப்போதும் உள்ளுக்குள் புழுங்குவான். வெளியே, "மூளை இல்லாதவனுக்குத்தான் முதுகு தேவை" என்று எங்களிடம் கிண்டல் பண்ணுவான்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். தங்கை சுவரோரம் நின்றாள். அம்மா மகன் பக்கத்தில். நான் கதவோரம். தம்பி நடுவில் நின்று கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தான். குடலிறக்கம் இல்லை, குடும்பத்துக்காகத் தன் உடம்பையே கொடுத்த தியாகம் என்றான். "இந்த வம்சத்துல எந்த ஆம்பளையும் செய்யாததை நான் செஞ்சேன் மச்சான். அதுக்கு உங்க தங்கச்சி குடுத்த பரிசைப் பாருங்க."

மச்சான் நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. ஏதோ நிம்மதி மாதிரி இருந்தது.

"அட, இதுக்கா மாப்பிள்ளை?" என்றார். "எப்ப பண்ணிக்கிட்டீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்ப இது வர்றதுக்கு வாய்ப்பு இருக்குல்ல. மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லியிருப்பாங்களே. அப்புறம் டெஸ்ட் குடுத்துப் பாக்குற வரைக்கும் நம்பக்கூடாதுன்னு. மறந்துட்டீங்க போல. விடுங்க, என் தங்கச்சி மேல தப்பில்ல, உங்க மேலயும் இல்ல."

வழி திறந்து கிடந்தது. அந்த மனிதர் கதவைத் திறந்து, விளக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். "ஆமா மச்சான், மறந்தே போயிட்டேன்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் அவள் பெயர் தப்பியிருக்கும், இவன் தியாகமும் சாகும்வரை நிலைத்திருக்கும். நானே ஏமாந்திருப்பேன். ஆனால் போகாத இடத்தில் என்ன சொன்னார்கள் என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

"அதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்று உதட்டைச் சுழித்தான். "எனக்கு அன்னிக்கு ராத்திரியிலிருந்தே பயமில்லைன்னு டாக்டர் கேரண்டி குடுத்துட்டாங்க. எதையாவது கேள்விப்பட்டுட்டு வந்து இங்க சப்பைக்கட்டு கட்டாதீங்க."

மச்சான் கழுத்தைச் சொறிந்தார். "கேள்விப்படல மாப்பிள்ளை. நானே பண்ணிக்கிட்டேன். ரெண்டாவது பொறந்ததும்."

தங்கைக்கே அது தெரியாது. அவள் வாய் திறந்தபடி அண்ணனைப் பார்த்தாள்.

"இதைப் போய் யார்கிட்ட சொல்றது" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "என் வீட்டுக்காரி உடம்பு தாங்காதுன்னாங்க, நான் போனேன். கொஞ்ச நாள் பாரம் தூக்காம இருந்தேன். அப்புறம் வழக்கம்போலத்தான், நாலாவது மாடிக்கெல்லாம் ஏத்துறேன்."

என் தம்பி அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "உங்களுக்குப் பண்ணது பழைய முறை. எனக்குப் பண்ணது புது முறை. முழு மயக்கம் குடுத்து, மூணு மணி நேரம், நாலு டாக்டர்" என்றான்.

மச்சான் அவனையே பார்த்தார். மெதுவாகச் சொன்னார். "முழிச்சிட்டுத்தான் மாப்பிள்ளை இருப்போம். மரத்துப்போற ஊசி மட்டும்தான். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். நான் அந்த நர்ஸம்மா கூட மழையைப் பத்திப் பேசிட்டு இருந்தேன்."

பிறகு எழுந்தார். "வாங்க, போகலாம்."

"எங்க?"

"டெஸ்ட் குடுக்க. ஒரு டப்பா குடுப்பாங்க, அவ்வளவுதான். நீங்க சொல்றது நிஜம்னா என் தங்கச்சிய நான் இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

தம்பி சட்டையைத் தேடினான். போட்டிருந்த சட்டையையே தேடினான். முழங்கால் வலிக்கிறது என்றான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றான். அப்புறம் மடாரென்று கட்டிலில் உட்கார்ந்து, அந்த ராஜ உபசாரக் கட்டிலில்தான், முகத்தை மூடிக்கொண்டான்.

"கேட் வரைக்கும் போனேன்" என்றான் விரல்களுக்கு நடுவிலிருந்து. "உள்ளேயிருந்து ஒருத்தன் வெளியே வந்தான். அவன் நடையைப் பாத்ததும் பயந்துட்டேன்."

"சாயங்காலம் வரைக்கும் எங்க இருந்த?" என்று நான் கேட்டேன்.

"படம் பாத்தேன்."

படம் பார்த்திருக்கிறான். படம் விட்டு வரும்போது காலை அகட்டி நடக்கப் பழகியிருக்கிறான். தொடைநடுங்கி என்று கேட்டிருக்கிறேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கத்திக்குப் பயந்தது கூடப் பெரிதில்லை, யாருக்குத்தான் பயமில்லை? பயந்தாங்கொள்ளி என்று நாலு பேர் சொல்வதைவிடப் பெண்டாட்டி கெட்டவள் என்று ஊரே சொல்லட்டும் என்று முடிவெடுத்தானே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் கூடவே பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

அம்மா இருக்கிறாளே, அவளை என்ன சொல்ல. ஒரு வாரமாக மார்பில் அடித்துக்கொண்டவள், "பாவம், என் புள்ள பயந்துட்டான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு ஊசின்னா ஆகாது" என்று அவன் முதுகைத் தடவினாள். உள்ளே போய் ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள்.

அவன் பெண்டாட்டி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். அம்மா கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடி, அவசரமில்லாமல் முழுப் பாலையும் அவளே குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள்.

"நாளைக்குக் காலையில வரணும்" என்றாள் அவனிடம். "வந்து தலையாட்டணும். வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

மச்சான் அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே படுத்து, காலையில் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். பார்த்தவர்கள் ரொம்பப் பிரியம் என்று நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். "மூணாவது தடவை. உனக்கே அசிங்கமா இல்லையா?"

"இவரைக் கேளுங்க டாக்டர்" என்றாள் அவள். "நானும் கேட்டேன். படம் பாக்கப் போயிருந்தாராம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அவன் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தான். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். இரண்டு தடவை அவளைத் திட்டிய வாய்க்கு அவனைத் திட்ட ஒரு சொல் கிடைக்கவில்லை. "சரி, உள்ள வா" என்று அவளைத்தான் கூப்பிட்டார்.

கருக்கலைப்பு, ஆபரேஷன் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. ரத்தம் அதிகம் போகவில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று வாசலில் மெத்தைக் கடை வண்டி நின்றது. தம்பி புது மெத்தை ஒன்றை இறக்கி வைத்திருந்தான். கடையிலேயே உசத்தியானது, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் உள்ளங்கையால் அதை ஒரு தட்டு தட்டினான். வாய் வரைக்கும் வந்த சொல்லை என்னைப் பார்த்து விழுங்கினான்.

"உனக்குத்தான்" என்றான். "நல்லா ரெஸ்ட் எடு. இனிமேதான் ஒரு பயமும் இல்லையே."

அவள் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தாள், லென்ஸைச் சோதிப்பது போல. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இதை மேல அண்ணி ரூம்ல போட்டுடு. புள்ளைங்க ரெண்டும் என்கூடத்தான் படுக்கும்."

மச்சான் ஒற்றைத் தோளில் மெத்தையை ஏற்றிக்கொண்டு படியேறினார். தம்பி வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான். அவள் பின்னாலேயே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள்.

"அப்ப நான்?" என்றான் கீழேயிருந்து. "எத்தனை நாளைக்கு?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ கடையில சொல்லுவியே, எத்தனை வருஷம்?" என்று நான்தான் கேட்டேன்.

மேலே வந்ததும் உறையைக் கிழித்தாள், சன்னலோரமாகப் போடச் சொன்னாள், படுத்தாள். "கதவைத் தாழ் போட்டுடுங்க அண்ணி" என்றாள். போட்டேன். நான் தலையணை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.